நடுக்குளிரில் ஃபர்னஸ் நின்றுவிட்டால்: ரொறொன்ரோ வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றால் சனிக்கிழமை சாமத்தில்தான் நிற்கும் என்று எங்கள் வீட்டில் ஒரு பகிடி உண்டு. 2015 பெப்ரவரியில் அது பகிடியாக இருக்கவில்லை. பியர்சன் விமான நிலையத்தின் பதிவேட்டில் அதைவிடக் குளிரான பெப்ரவரி இல்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாற் இரவு பதினொரு மணிக்கு 21 பாகை காட்டியது, விடிய ஆறு மணிக்கு 13 காட்டியது. அந்த இரவில் நாங்கள் செய்த பிழைகளைச் சொந்தக்காரருக்குச் சொல்லப்போய், இப்போது ஒவ்வொரு வருடமும் குளிர் இறுகியவுடன் யாராவது எனக்குப் போன் எடுக்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள்தான் இவை. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ரன் பக்கம் பேஸ்மென்றில் காஸ் ஃபர்னஸ் உள்ள வீடுகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

வீடு குளிருகிறது. ஃபர்னஸ் பழுதாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

கட்டாயம் இல்லை. இங்கே வீட்டின் வெப்பத் தேவையைக் கணக்குப் பார்க்கும்போது, வெளியே ஏறத்தாழ மைனஸ் 18 முதல் மைனஸ் 20 பாகை என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். வெளியே மைனஸ் 25, கூடவே காற்றும் என்றால், நல்ல ஃபர்னஸ்கூட இரவு முழுக்க ஓயாமல் ஓடியும் 19ஐத் தாண்டாமல் நிற்கலாம். தரையில் உள்ள துவாரத்தில் கையை வைத்துப் பாருங்கள். சூடான காற்று வந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. தெர்மோஸ்டாற்றை 28க்கு ஏற்றினால் கெதியில் சூடாகாது. அதே வேகத்தில் கூட நேரம் ஓடும், அவ்வளவுதான். இப்படியான இரவுகளில் காசு மிச்சம் பிடிக்க 17க்கு இறக்கிவிட்டுப் படுப்பதும் வேண்டாம். விடிய ஏற்றும்போது பிடித்துக்கொள்ளாது.

துவாரத்தில் வரும் காற்று குளிராக இருந்தாலோ, காற்றே வராவிட்டாலோ அது வேறு விஷயம். அடுத்த கேள்விக்குப் போங்கள்.

ஆளைக் கூப்பிட முன்னர் நானே எதைப் பார்க்கலாம்?

நிறையப் பார்க்கலாம். எனக்குப் போன் எடுத்தவர்களில் பாதிப் பேருக்காவது ஆள் தேவைப்படவில்லை.

முதலில் தெர்மோஸ்டாற். திரை வெறுமையாக இருந்தால் பற்றரி இறந்திருக்கலாம். பெரும்பாலும் ஏஏ பற்றரி இரண்டு. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானில் இருந்து கழற்றிப் போட்டாலும் சரிதான். ஹீற் என்ற நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு பேஸ்மென்றுக்கு இறங்குங்கள். ஃபர்னஸுக்கென்று தனியாக ஒரு சுவிச் உண்டு. பார்க்க லைற் சுவிச் மாதிரியே இருக்கும். ஃபர்னஸின் பக்கத்திலோ படிக்கட்டுச் சுவரிலோ இருக்கும். விருந்துக்கு வந்த பிள்ளை லைற் என்று நினைத்து அதை நிறுத்திவிட்டுப் போன கதை எனக்கு மூன்று வீட்டில் தெரியும். அது சரியென்றால் மின்பெட்டியில் பிறேக்கரைப் பாருங்கள். ஃபர்னஸின் கீழ்க் கதவும் சரியாக மூடியிருக்க வேண்டும். அதற்குள் ஒரு சிறிய பாதுகாப்புச் சுவிச் இருக்கிறது. கதவு ஒரு விரல் அகலம் விலகியிருந்தாலும் ஃபர்னஸ் உயிர் பெறாது.

அப்புறம் ஃபில்ரர். அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் குற்றவாளி அதுதான். காற்றோட்டம் குறைந்து உள்ளே சூடு ஏறும்போது, ஃபர்னஸ் தன்னைக் காப்பாற்றத் தானே அணைந்துவிடும். தாளிப்புப் புகையும் சாம்பிராணியும் தினமும் உள்ள வீடுகளில் ஃபில்ரர் சீக்கிரம் கறுக்கும். பெட்டியில் மூன்று மாதம் என்று எழுதியிருந்தாலும் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள். கையில் புதியது இல்லையென்றால் ஒரு இரவுக்கு ஃபில்ரர் இல்லாமல் ஓடவிட்டாலும் குற்றமில்லை.

கடைசியாக, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போங்கள். இதைத்தான் ஆட்கள் மறப்பது, நாங்களும் மறந்தது. இப்போதைய ஃபர்னஸ்கள் புகைபோக்கியைப் பாவிப்பதில்லை. வீட்டின் பக்கச் சுவரால் இரண்டு பிளாஸ்ரிக் குழாய்கள் வெளியே வரும். ஒன்று காற்றை இழுக்கும், மற்றது புகையை விடும். பனி குவிந்தாலோ, வெளியேறும் ஈர ஆவி அங்கேயே உறைந்து வாயை அடைத்தாலோ, உள்ளே உள்ள அழுத்தச் சுவிச் ஃபர்னஸை நிறுத்திவிடும். எங்கள் குழாயின் வாயில் கோப்பை அளவு பனிக்கட்டி. கையால் உடைத்து எடுத்தோம், பத்து நிமிடத்தில் ஓடியது. சவளால் அடிக்காதீர்கள், அந்தக் குளிரில் பிளாஸ்ரிக் கண்ணாடி மாதிரி நொறுங்கும். உள்ளேயிருந்து தண்ணீர் போகும் மெல்லிய குழாயையும் பாருங்கள். இந்த ரக ஃபர்னஸ்கள் புகையில் உள்ள நீராவியின் சூட்டையும் பிழிந்து எடுப்பதால் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும். அது போக வழியில்லாமல் தேங்கினாலும் ஃபர்னஸ் நிற்கும்.

உள்ளே ஒரு சிறிய விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கிறது. அது என்ன?

ஃபர்னஸ் உங்களோடு கதைக்கிறது. கதவில் உள்ள சிறிய கண்ணாடி வழியாகப் பார்த்து, எத்தனை முறை மினுங்கிவிட்டு நிற்கிறது என்று எண்ணுங்கள். கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் இருக்கும். கொம்பனிக்குக் கொம்பனி அது மாறும். அதைப் போனில் படம் எடுத்து வைத்தால், வருகிறவர் சரியான பாகத்தோடு வர உதவும்.

சுவிச்சை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பார்க்கலாம். நெருப்புப் பற்றி, சில விநாடியில் அணைந்து, மறுபடி பற்றி அணைந்தால், பெரும்பாலும் சுடரை உணரும் சிறிய கம்பியில் அழுக்குப் படிந்திருக்கும். துடைத்தால் போகும் வேலைதான், என்றாலும் காஸ் பெட்டியைத் திறந்து பழக்கமில்லாதவர் தொட வேண்டாம். இரண்டு தரத்துக்கு மேல் திரும்பத் திரும்ப ரீசெற் பண்ணவும் வேண்டாம்.

காஸ் மணக்கிறது. யன்னலைத் திறக்கவா?

ஒன்றும் செய்யாதீர்கள், வெளியே போங்கள். லைற் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், உள்ளே நின்று போனும் எடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் இருந்து 911க்கோ, காஸ் பில்லில் உள்ள அவசர இலக்கத்துக்கோ எடுங்கள். குளிருக்கு ஜாக்கெற் தேடி நிற்கும் நேரம் அது இல்லை.

ஆள் வர நாளை மத்தியானம் ஆகுமாம். மின்சார ஹீற்றர் இரண்டு வாங்கினால் வீடு சமாளிக்குமா?

வீடு சமாளிக்காது, ஓர் அறை சமாளிக்கும். கடையில் உள்ள சிறிய ஹீற்றர் எதுவானாலும், 40 டொலரோ 200 டொலரோ, உச்சம் 1500 வாற் தான். ஃபர்னஸின் சூட்டை அளக்கும் அலகில் அது மணிக்கு ஏறத்தாழ 5,100 பி.ரி.யூ. ஒரு சாதாரண வீட்டு ஃபர்னஸ் 60,000 பி.ரி.யூ. அதாவது பன்னிரண்டு ஹீற்றர் சேர்ந்தால் ஒரு ஃபர்னஸ். அத்தனைக்கும் உங்கள் மின்பெட்டியில் இடமில்லை.

ஒரு சாதாரண அறை இணைப்பு 15 அம்பியர். ஒரு ஹீற்றரே 12.5 அம்பியர் குடிக்கும். அதே இணைப்பில் இரண்டாவதைச் செருகினால் பிறேக்கர் விழும். விழுவது நல்லது, விழாவிட்டால்தான் பயம். ஆகவே ஹீற்றரைச் சுவரில் நேரே செருகுங்கள், எக்ஸ்ரென்ஷன் வயரில் வேண்டாம். திரைச்சீலை, மெத்தை, சோபா எல்லாம் ஒரு மீற்றர் தள்ளி இருக்கட்டும். பிளக்கைத் தொட்டால் சுட்டால் கழற்றிவிடுங்கள். எல்லோரும் நித்திரையான பிறகு அதை ஓடவிடுவதும் எனக்கு விருப்பமில்லை. படுக்க முன் அறையைச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூடப் போர்த்திக்கொள்வோம்.

குசினியில் காஸ் அடுப்பு இருக்கிறது. அதை எரியவிட்டால் போதாதா? ஊரில் கரிச்சட்டி வைக்கவில்லையா?

ஊரில் வைத்தோம். அந்த வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் குருவி கூடு கட்டும். இங்குள்ள வீடு குளிர் புகாமல் அடைத்துக் கட்டியது. அதற்குள் கரி, பார்பிக்யூ, மண்ணெண்ணெய் அடுப்பு, முகாமுக்குக் கொண்டுபோகும் புரொப்பேன் ஹீற்றர் எதை எரித்தாலும் காபன் மொனொக்சைட் சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் அது போய் இருந்துகொள்ளும், அதுவும் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் என்று தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ‘காய்ச்சல் வாற மாதிரி’ இருந்தால் அது காய்ச்சல் அல்ல. நித்திரையில் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

காஸ் அடுப்பில் சமைக்கலாம், சூட்டுக்காக எரியவிடக் கூடாது. மின்சார ஓவனில் இந்த வாயு இல்லை, ஆனால் கதவைத் திறந்துவைத்த ஓவனும் தவழும் பிள்ளையும் ஒரே வீட்டில் வேண்டாம். கராஜுக்குள் காரை ஸ்ராட் பண்ணி உள்ளே இருப்பதும் கூடாது, கராஜ் கதவு திறந்திருந்தாலும் கூடாது.

இடையில் ஒரு கதை. தைப்பொங்கல் சரியாக நடுக்குளிரில்தான் வருகிறது. முற்றத்தில் கை விறைக்கும் என்று கராஜுக்குள் புரொப்பேன் அடுப்பை வைத்துப் பொங்குகிறோம். கராஜ் கதவை முழுக்கத் திறந்துவைத்தாலும் அது கூடாது, கை விறைத்தாலும் முற்றத்திலேயே பொங்குங்கள்.

ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக்கில் 2008ல் ஒரே வீட்டில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என நால்வர் இறந்தார்கள். காஸ் நெருப்பிடத்தின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் காபன் மொனொக்சைட் அலாரம் இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரால் கொண்டுவந்த சட்டத்தால் 2014ல் இருந்து இந்த மாகாணத்தில், காஸோ விறகோ எரியும் வீட்டில் படுக்கையறைகளின் பக்கத்தில் அலாரம் கட்டாயம். 2026 ஜனவரியில் இருந்து ஒவ்வொரு மாடியிலும் அலாரம் வேண்டும். அது நான்கு நான்காகக் கத்தினால் எல்லோரையும் எழுப்பி வெளியே போய் 911. நிமிடத்துக்கு ஒருமுறை ‘கீக்’ என்றால் பற்றரி. அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, ஏழு முதல் பத்து வருடம். பின்பக்கத்தில் திகதி போட்டிருக்கும்.

கைக்குழந்தையும் அம்மம்மாவும் இருக்கிறார்கள். இரவை எப்படிப் போக்குவது?

போக்க வேண்டாம். போக ஒரு வீடு இருந்தால் அவர்களை முதலே அங்கே அனுப்பிவிடுங்கள். ‘இந்த நேரத்தில் அவையளைக் கரைச்சல் படுத்தக் கூடாது’ என்று யோசிப்பது எங்கள் ஆட்களின் பெரிய வியாதி.

அனுப்ப முடியாவிட்டால், இருப்பதில் சிறிய அறையாக, யன்னல் குறைந்த அறையாகப் பார்த்து எல்லோரும் ஒன்றாகப் படுங்கள். யன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, கதவின் கீழ் இடைவெளிக்குத் துவாயைச் சுருட்டி வையுங்கள். தடித்த ஒரு ஸ்வெற்றரைவிட மெல்லிய உடுப்பு மூன்று நல்லது. குழந்தையின் தொட்டிலுக்குள் தளர்ந்த போர்வையோ சுடுதண்ணீர்ப் பையோ வைக்காதீர்கள். உடலோடு சேரும் உறக்கப் பை போதும், விழித்திருக்கும்போது நெஞ்சோடு அணைத்து வைத்திருங்கள்.

வயதானவர்களுக்குக் குளிர் ஏறுவது அவர்களுக்கே தெரியாது. ‘எனக்குக் குளிரேல்லை’ என்று சொல்வதை நம்பாதீர்கள். பேச்சுக் குழறுவது, தடுமாறுவது, நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடுங்காமல் இருப்பது, இவை உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே போவதன் அறிகுறிகள். அதற்கு 911. நீரிழிவு உள்ளவர்களின் காலடியில் சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்கும்போது கவனம். கால் மரத்திருந்தால் சுடுவது தெரியாமல் கொப்பளம் போட்டுவிடும்.

தண்ணீர்க் குழாய் எப்போது உறையும்?

வீட்டுக்குள் 10 பாகை இருக்கும்போதே வெளிச்சுவருக்குள் ஓடும் குழாய் உறைந்துவிடலாம். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். குழாய் வெடிப்பது அந்த நேரத்தில். ஆனால் வீடு நனைவது உறைந்தது உருகும்போது.

வெளிச்சுவர்ப் பக்கம் உள்ள சிங்கின் கீழ் அலுமாரிக் கதவைத் திறந்துவிடுங்கள். பைப்பை நூல் அளவில் ஓடவிடுங்கள், சுடுதண்ணீரும் குளிர்தண்ணீரும். வீட்டில் யாரும் இல்லாமல் போவதென்றால் பிரதான வால்வைப் பூட்டி, மேல்மாடியிலும் பேஸ்மென்றிலும் பைப்பைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். பேஸ்மென்றில் வீதிப் பக்கச் சுவரில்தான் பெரும்பாலும் இருக்கும், தண்ணீர் மீற்றருக்குப் பக்கத்தில். ஏற்கெனவே உறைந்திருந்தால், பைப்பைத் திறந்துவைத்து, தலைமயிர் உலர்த்தியால் பைப் பக்கத்தில் இருந்து மெல்ல மெல்லப் பின்னோக்கிச் சூடாக்குங்கள். நெருப்புக் கூடாது.

மின்சாரமும் போய்விட்டது. காஸ் தானே, ஃபர்னஸ் ஓடாதா?

ஓடாது. எரிவதுதான் காஸ், காற்றைத் தள்ளுவதும் கட்டுப்படுத்துவதும் மின்சாரம். 2013 டிசம்பர் உறைமழையில் ரொறொன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனபோது நிறையப் பேர் இதைத் தெரிந்துகொண்டார்கள். சிலருக்கு நத்தார் கழிந்தும் வரவில்லை. எப்போதும் சிறு சுடர் எரிந்துகொண்டிருக்கும் பழைய ரகத் தண்ணீர்த் தாங்கி உள்ள வீடுகளில் சுடுதண்ணீர் வரும். காஸ் நெருப்பிடங்கள் சிலவும் மின்சாரம் இல்லாமல் எரியும், உங்களுடையது அந்த ரகமா என்று முன்பே பார்த்துவையுங்கள். ஜெனரேற்றர் என்றால் வீட்டைவிட்டு ஆறு மீற்றராவது தள்ளி, யன்னலுக்கு எதிர்த்திசையில், கராஜுக்குள் அல்ல. நீண்டுபோனால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு எடுத்து, சூடேற்றிய பொது இடம் எங்கே திறந்திருக்கிறது என்று கேளுங்கள்.

நாங்கள் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறோம். தெர்மோஸ்டாற் மேலே வீட்டுக்காரரிடம். என்ன செய்வது?

கூடுதலாக வருவது இந்தக் கேள்விதான், அதிகம் மெதுவான குரலில் வருவதும் இதுதான். வீட்டுக்காரர் பெரும்பாலும் தெரிந்தவர், ஊர்க்காரர், சில நேரம் சொந்தம். ‘அண்ணை, குளிருது’ என்று சொல்லக் கூச்சம்.

சட்டத்தைச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் செப்ரெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகை வீட்டில் குறைந்தது 20 பாகை இருக்க வேண்டும். ரொறொன்ரோ நகரத்தின் குளிர்கால அளவு இன்னும் ஒன்று கூட, 21. பேஸ்மென்ற் நகரத்தில் பதிவு செய்யப்படாததாக இருந்தாலும் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பங்கிட்டால் மாகாண வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

மேலே இருப்பவருக்கு உங்கள் குளிர் தெரியாமல் இருக்க நியாயமும் உண்டு. சூடு மேலே ஏறும், தெர்மோஸ்டாற்றும் மேலே இருக்கிறது. அங்கே 22 வந்தவுடன் ஃபர்னஸ் நிற்கும், கீழே 17. ஆகவே பத்து டொலருக்கு ஒரு வெப்பமானி வாங்கி அறை நடுவில் வையுங்கள். விடியவும் இரவும் படம் எடுங்கள். சண்டைக்கு இல்லை, ‘அண்ணை, பாருங்கோ, 16 நிக்குது’ என்று அனுப்புவதற்கு. வாயால் சொன்னாலும் பிறகு ஒரு குறுஞ்செய்தி போடுங்கள். பல இடத்தில் மேல்மாடித் துவாரங்கள் சிலவற்றைப் பாதி மூடினாலே கீழே சூடு வந்துவிடுகிறது. ஃபர்னஸ் அறை உங்கள் பக்கத்தில் இருந்தால் துவாரத்தையும் ஃபில்ரரையும் பெட்டிகளால் மறைத்து வைத்திருக்கிறீர்களா என்று நீங்களும் பாருங்கள்.

அதற்கும் மேல் அசையாவிட்டால் 311. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். வெப்பம் இல்லை என்ற முறைப்பாட்டை அவர்கள் அவசரமானதாக எடுப்பார்கள். வாடகையை நிறுத்திவைக்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வாடகை கட்டாதவர் என்ற வழக்கு உங்கள்மேல் திரும்பும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு சொல். கோபத்தில் ஹீற்றைக் குறைப்பது சட்டப்படி குற்றம்.

வந்தவர் ஃபர்னஸில் சிவப்பு எச்சரிக்கைத் துண்டு கட்டி, புது ஃபர்னஸ் போடாவிட்டால் காஸைத் திறக்க முடியாது என்கிறார். உண்மையா?

உண்மையாகவும் இருக்கலாம். உடனடி ஆபத்து என்று கண்டால் காஸை மூடித் துண்டு கட்டுவது உரிமம் உள்ள தொழிலாளியின் கடமை. உடனடி ஆபத்து இல்லாத குறைக்கு வேறு வகைத் துண்டு கட்டி, திருத்தத் தவணை தருவார்கள். துண்டின் பிரதியைக் கேளுங்கள், அவருடைய உரிம அட்டையையும் கேளுங்கள். ஜி1, ஜி2 என்பவைதான் தனியாக வேலை செய்யக்கூடிய வகுப்புகள். வெப்பத்தை மாற்றும் உலோகக் கூட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது என்றால் படத்தில் காட்டச் சொல்லுங்கள். துண்டு கட்டியதை நீங்களே திறக்காதீர்கள், ஆனால் இரண்டாவது ஆளைக் கூப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்களுக்கு 2015ல் வந்தவர் குழாயைப் பார்க்கவே இல்லை. பத்து நிமிடத்தில் 4,000 டொலர் ஒப்பந்தத்தை நீட்டினார். கொம்பனியின் பெயர் இப்போது முக்கியமில்லை. அடுத்த தெரு அண்ணை ஒருவர் வந்து, ‘வெளியில பார்த்தனீங்களோ?’ என்று கேட்டபிறகுதான் அந்தப் பனிக்கட்டி தெரிந்தது. குளிரில் நிற்கும் மனிதன் எதிலும் கையெழுத்துப் போடுவான் என்று விற்பவருக்குத் தெரியும். போனிலேயே கேளுங்கள்: வந்து பார்க்க எவ்வளவு, இரவுக்குக் கூடுதலா?

ஃபர்னஸை மாதவாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தில் இன்னும் கவனம். மாதம் நூறு சொச்சம் டொலர் சின்னதாகத் தெரியும், பத்து வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். இப்படி எழுதியவர்கள் பலர், வீட்டை விற்கப்போகும்போதுதான் காணிப் பதிவில் அந்தக் கொம்பனியின் கடன் உரிமை ஒன்று ஏறியிருப்பதைக் கண்டார்கள். வீட்டுச் சாதனங்களுக்கு அப்படிப் பதிவதை மாகாணம் 2024 ஜூனில் தடைசெய்தது. கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்பது 2018 மார்ச்சில் இருந்தே தடை. வீட்டில் வைத்து எழுதிய ஒப்பந்தத்தை, பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் இரத்துச் செய்யலாம். ஆனால் பழையதைக் கழற்றிக் கொண்டுபோனபிறகு அது எவ்வளவு கரைச்சல் என்று சொல்லத் தேவையில்லை.

ஜனவரி முழுக்க ஊருக்குப் போகிறோம். ஹீற்றைக் குறைத்துவிட்டுப் போகலாமா?

15க்குக் கீழே இறக்காதீர்கள். அதைவிட முக்கியம், காப்புறுதிப் பத்திரத்தைப் படியுங்கள். குளிர்காலத்தில் நான்கு நாளுக்கு மேல் தொடர்ந்து வீட்டில் இல்லையென்றால், ஒருவர் தினமும் வந்து ஹீற் ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரைப் பூட்டி வடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலான பத்திரங்களில் உண்டு. இரண்டும் இல்லாமல் குழாய் வெடித்தால் அந்தச் செலவு உங்களுடையது. சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் வந்த ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

சாமத்தில் வீட்டுக்கு வெளியே வெடிச் சத்தம் கேட்டது. ஃபர்னஸா?

நிலமாக இருக்கலாம். ஈரமான மண் சட்டென்று உறையும்போது பருத்து வெடிக்கும். உறைநடுக்கம் என்று சொல்லலாம். 2014 ஜனவரித் தொடக்கத்தில் ரொறொன்ரோவில் நிறையப் பேர் அதைக் கேட்டுத் துள்ளி எழும்பினார்கள். ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருந்தால் திரும்பிப் படுங்கள்.

கறிவேப்பிலைக் கன்று என்ன ஆகும்?

சிரிக்காதீர்கள், அந்த இரவில் எங்கள் அம்மா முதலில் கேட்டது இதைத்தான். 10 பாகைக்குக் கீழே போனால் இலை கொட்டும், ஆனால் வேர் அவ்வளவு சுலபமாகச் சாகாது. யன்னலோரத்தில் இருந்து எடுத்து, நீங்கள் படுக்கும் அறைக்குள் கொண்டுபோய் வையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். எங்களுடையது மொட்டையாகி, மே மாதம் துளிர்த்தது.